கற்பனை நாட்டுப் புனைவுகளில் இசை

முன்னுரை

நாடு இவ்வாறு அமைதல் வேண்டும் என்று அவாவி எழுதப்பட்ட நூல்களும், நாடு இவ்வாறு ஆகிவிடலாகாதே என்று அஞ்சி எழுதப்பட்ட நூல்களும் மேலை இலக்கியத்தில் ஒரு தனி வகையாக நிலைபெற்றுள்ளன. முன்னவற்றுக்கு 'யுட்டோப்பியா' என்பது பெயர். தாமஸ் மோர் 1516இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட தம் நூலுக்கெனக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிக்கொண்ட பெயர் அது. 'இல்லாத இடம்' என்பது அதன் நேர்ப்பொருள்; 'நல்ல இடம்' என்னும் பொருளும் உடன் ஒலிக்குமாறு அவர் அதனை அமைத்தார். அதற்கு மறுதலையாகத் 'தீய இடம்' எனப் பொருள்படும் 'டிஸ்டோப்பியா' என்னும் சொல்லின் திரிபு ஒன்றை ஜான் ஸ்டூவர்ட் மில் 1868இல் இங்கிலாந்துப் பாராளுமன்ற உரை ஒன்றில் எடுத்தாண்டார். இக்கட்டுரையில் முன்னதைப் 'பொன்னாடு' எனவும், பின்னதைக் 'கொடுநாடு' எனவும் வழங்குவோம்.

இந்நூல்களில் வரும் ஆட்சி, உடைமை, மணமுறை, கல்வி ஆகியன பற்றிய ஆராய்ச்சிகள் பல உள. இசையோ, கதைக்கு அழகு சேர்க்கும் புறவணியாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயினும் இவ்வகையின் தலைசிறந்த நூல்களை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொன்றிலும் கதை திரும்பும் இடத்தில், அல்லது நாட்டின் உள்ளியல்பு வெளிப்படும் இடத்தில், இசை ஒலிக்கின்றது. இது தற்செயலாக நேர்ந்தது எனல் அரிது.

இசையின் இடம் பற்றிப் பொதுவாக நிலவும் கருத்து ஒன்று உண்டு. பொன்னாட்டில் நல்லிசை நிறைந்திருக்கும். கொடுநாட்டில் இசை அழிந்திருக்கும், அல்லது இழிந்திருக்கும் என்பதே அது. இக்கருத்து முழுதும் பொருந்துவதன்று என்பது எம் துணிபு. இவ்விரு நாடுகளையும் பிரிக்கும் கோடு இசையின் தரத்தில் இல்லை. அவ்விசை யாருடையது, யார் விரும்பித் தொடங்குகின்றனர், யார் விரும்பி நிறுத்துகின்றனர் என்பதிலேயே உள்ளது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குத் துணையாகத் தமிழ் மரபின் கருத்து ஒன்றனை ஈண்டு நினைவுகூர்தல் தகும். தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். பிற்கால அகப்பொருள் நூலார் மருதத்துக்கு நெல்லரிகிணையும் நெய்தலுக்கு மீன்கோட்பறையும் கூறுவர். இப்பெயர்களிலேயே நெல் அரியும் தொழிலும் மீன் கொள்ளும் தொழிலும் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது. உழைப்போர் கையிலிருந்தும் வாயிலிருந்தும் பிறப்பதாகலின், இசை அந்நிலத்தின் கருப்பொருள் ஆயிற்று. கற்பனை நாட்டு ஆசிரியர்கள் இவ்விலக்கணத்தை அறிந்தவர் அல்லர். எனினும் அவர்கள் படைத்த நாடுகளில் இசை கருப்பொருளாகப் பிறக்கின்றதா, அரசு வழங்கும் பொருளாக வந்து சேர்கின்றதா என்று வினவுதல் தெளிவு பயக்கும்.

பிளேட்டோவின் வாயிற்காவல்

இவ்வகை நூல்களுக்கெல்லாம் மூத்தது பிளேட்டோவின் 'குடியரசு'. அதன் மூன்றாம் பகுதியில் சாக்கிரட்டீசும் கிளாக்கனும் தம் நன்னகருக்குள் எவ்விசையை விடலாம், எவ்விசையைத் தடுக்கலாம் என்று உரையாடுகின்றனர். இரங்கலுக்குரியன என்று சில லிடியப் பண்களும், மதுவுக்கும் மென்மைக்கும் உரியன என்று அயோனியப் பண்ணும் வேறு சில லிடியப் பண்களும் விலக்கப்படுகின்றன. போர்க்களத்து உறுதிக்கும் அமைதிக் காலத்து அடக்கத்துக்கும் ஏற்றவை என்று டோரியப் பண்ணும் ஃபிரிஜியப் பண்ணும் நிறுத்தப்படுகின்றன. பல நரம்புடைய கருவிகளுக்கும் 'ஆலோஸ்' என்னும் துளைக்கருவிக்கும் நகரில் இடம் இல்லை. இரண்டு வகை யாழே நகர்க்கு எஞ்சுகின்றன. நாட்டுப்புறத்து ஆயர்க்கு மட்டும் குழல் ஒன்று விடப்படுகின்றது.

நான்காம் பகுதியில் இதற்குரிய காரணம் மேலும் விளக்கம் பெறுகின்றது. இசைமுறை மாறுமாயின் நாட்டின் அடிப்படைச் சட்டங்களும் அசையும் என்னும் கருத்தினை, இசையறிஞர் டேமன் கூற்றாகச் சாக்கிரட்டீஸ் எடுத்துரைக்கின்றார். இசை உயிரின் உள்ளே புகுந்து பண்பை உருவாக்குவது. ஆதலின் அதனைக் காவாது விடும் அரசு தன்னையே காவாது விடும் என்பது இதன் கருத்து.

இங்கு இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, இசைக்கு மனிதனை மாற்றும் ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை. மற்றொன்று, அவ்வாற்றல் அரசின் கையில் இருத்தல் வேண்டும் என்னும் முடிவு. முன்னதிலிருந்து பின்னது தானே பிறப்பது போல் பிளேட்டோ காட்டினார். பின்வந்த பொன்னாட்டு ஆசிரியர்களும் கொடுநாட்டு ஆசிரியர்களும் இவ்விரு செய்திகளையும் வழிவழியாகப் பெற்றனர். முன்னவர் இதனை வாழ்த்தினர். பின்னவர் இதனை அஞ்சினர். ஆயர் குழலுக்குப் பிளேட்டோ தந்த விலக்கு மட்டும் யாராலும் பெரிதாக எண்ணப்படவில்லை. காவலர் எட்டாத புறத்தே ஒருவன் தனியே குழலூதும் அச்சிறு காட்சி, இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வடிவில் மீண்டும் வருதலைப் பின்னர்க் காண்போம்.

மோரும் பேக்கனும்

மோர் படைத்த தீவில் இரவு உணவு இசையின்றி நிகழ்வதில்லை. கோயில் வழிபாட்டிலும் இசை உண்டு. அவர்தம் இசை உள்ளத்து உணர்வுகளை இயல்பாக வெளிப்படுத்துவதில் பிறர் இசையினும் சிறந்தது என்று கதை கூறுவோன் போற்றுகின்றான். இவற்றினும் நமக்கு இன்றியமையாத செய்தி வேறொன்று. மாலையில் கிடைக்கும் ஒரு மணி ஓய்வில் மக்கள் கோடையாயின் தோட்டத்திலும், குளிர்காலமாயின் பொதுக்கூடத்திலும் கூடி, இசை பயில்வதாகவேனும் உரையாடுவதாகவேனும் பொழுதைக் கழிப்பர் என்கிறார் மோர். ஆகவே அத்தீவினர் கேட்போர் மட்டும் அல்லர், பாடுவோரும் ஆவர். பயில்வதா உரையாடுவதா என்பதும் அவரவர் விருப்பமே. ஏனையவற்றில் மிக இறுகிய ஒழுங்குடைய அந்நாட்டில் இவ்வொரு மணி நேரம் நெகிழ்ச்சியுடன் விளங்குகின்றது.

பிரான்சிஸ் பேக்கன் 1626இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த அவருடைய 'புதிய அட்லாண்டிஸ்' என்னும் முற்றுப்பெறாத நூலில் காட்சி மாறுகின்றது. அந்நாட்டு அறிஞர் கழகத்தில் ஒலியை ஆராய்வதற்கென்றே இல்லங்கள் உள்ளன. கால்நிலை அளவான நுண்சுரங்களை அங்கு எழுப்புகின்றனர். பிறர் அறியாத கருவிகளை ஆக்குகின்றனர். எதிரொலியைப் பலவாறு மாற்றுகின்றனர். குழாய்கள் வழியே ஒலியை நெடுந்தொலைவு செலுத்துகின்றனர். பேக்கனின் வியப்பு பாட்டைப் பற்றியதன்று, ஒலியைப் பற்றியது. பாடுபவன் அவர் கண்ணில் படவில்லை. ஒலியைப் பிறந்த இடத்தினின்று பிரித்து வேறிடத்துக்குக் கொண்டு செல்லலாம் என்ற எண்ணம் இவ்விலக்கிய வகையில் புகுந்தது இந்நூலின் வழியாகவே எனலாம். அவ்வெண்ணம் முழுவதும் மலர்ந்தது இருநூற்றறுபது ஆண்டுகளின் பின்னர், அமெரிக்காவில்.

பெல்லமியின் இசையறை

எட்வர்டு பெல்லமியின் 'பின்னோக்கிப் பார்த்தல்' 1888இல் வெளிவந்தது. 1887இல் உறங்கிய ஜூலியன் வெஸ்ட் என்பான் 2000ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் கண் விழிக்கின்றான். அவனைப் பேணும் வீட்டு மகள் ஈடித் அவனை இசையறைக்கு அழைக்கின்றாள். அவள் தானே பாடுவாள் அல்லது கருவி இசைப்பாள் என்று அவன் எதிர்பார்க்கின்றான். அவளோ ஒன்றிரண்டு திருகுகளைத் தொடுகின்றாள். அறை முழுவதும் பேரிசை நிறைகின்றது. நகரின் பல பகுதிகளில் உள்ள இசைமண்டபங்களில் தேர்ந்த கலைஞர் இசைப்பதைத் தொலைபேசிக் கம்பிகள் வீடுதோறும் கொணர்கின்றன. கட்டணம் சிறிது. நிகழ்ச்சி இருபத்துநான்கு மணி நேரமும் நடைபெறும். உறக்கம் வாராதவர் படுக்கையிலிருந்தே கேட்கலாம்.

வெஸ்ட் மலைத்துப் போகின்றான். குறையற்ற இசையை, வேண்டிய அளவு, வேண்டிய பொழுது, வேண்டியவாறு நிறுத்தும் உரிமையோடு வீட்டிலேயே பெறுவதற்குத் தம் காலத்தார் வழி கண்டிருப்பரேல், மனித இன்பத்தின் எல்லையை எட்டிவிட்டோம் என்றே எண்ணியிருப்பர் என்கிறான். நிறுத்தும் உரிமையையும் அவன் சேர்த்து எண்ணியமை கருதத்தக்கது. பெல்லமியின் நாடு பொன்னாடாகவே நிற்பதற்கு அவ்வுரிமை ஒரு காரணம் ஆகும்.

ஆயின் ஈடித்தின் விடையில் ஒரு நிழல் விழுகின்றது. குரற்பயிற்சி தம் காலத்துக் கல்வியில் உண்டு. சிலர் தம் மகிழ்ச்சிக்கெனக் கருவியும் பயில்கின்றனர். எனினும் தேர்ந்தோர் இசை எளிதில் கிடைப்பதால், தம் பாட்டை இசை என்று சொல்லவே தமக்குத் தோன்றுவதில்லை. சிறந்தோர் எல்லாம் இசைப்பணியில் இருக்க, ஏனையோர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை என்பது அவள் கூற்றின் சாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளில் அரைகுறைப் பயிற்சி உடையோர் பாடியதையும் இசைத்ததையும் அவள் இரக்கத்தோடு நினைக்கின்றாள்.

இவ்விடத்தைப் பெல்லமி ஒரு குறையாகக் கருதி எழுதவில்லை. முன்னேற்றத்தின் சான்றாகவே எழுதினார். எனினும் மோரின் தீவில் கூடியிருந்து பாடிய மக்கள், பெல்லமியின் நகரில் அமர்ந்து கேட்கும் மக்களாகிவிட்டனர். எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. நிறைவான இசையே அவர்களை அடக்கிவிட்டது. கொடுநாட்டின் முதல் விதை பொன்னாட்டின் மிகச் சிறந்த அறையிலேயே கிடக்கின்றது என்று கூறின் மிகையாகாது.

சம்யாத்தினின் கைப்பிடி

உருசிய எழுத்தாளர் யெவ்கெனி சம்யாத்தின் 1920, 1921ஆம் ஆண்டுகளில் எழுதிய 'நாம்' என்னும் நாவல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே முதலில், 1924இல், வெளிவந்தது. சோவியத்து நாட்டில் 1988 வரை அச்சேறவில்லை. அந்நாவலின் நாட்டில் மக்களுக்குப் பெயர் இல்லை; எண் மட்டுமே உண்டு. இசை ஆலையின் குழாய்கள் அரசின் நடைப்பாட்டை முழக்க, அவர்கள் நால்வர் நால்வராக அணிவகுத்து நடக்கின்றனர்.

நான்காம் குறிப்பில் ஒரு சொற்பொழிவு நிகழ்கின்றது. 'இசைமானி' எனத்தகும் பொறி ஒன்று அவைக்கு அறிமுகம் செய்யப்படுகின்றது. அதன் கைப்பிடியைச் சுழற்றினால் எவரும் ஒரு மணி நேரத்தில் மூன்று இசைப்படைப்புகள் வரை ஆக்கலாம். பழங்காலத்தார் அகத்தூண்டல் என்னும் வலிப்புநோய்க்கு ஆட்பட்டு அரும்பாடுபட்டனர் என்று எள்ளி நகைக்கின்றது சொற்பொழிவு. பழமைக்கு எடுத்துக்காட்டாக ஒரு பெண் அக்கால உடையில் மேடை ஏறிப் பியானோவில் ஸ்கிரியாபின் இயற்றிய இசையை வாசிக்கின்றாள். அவையோர் நகைக்கின்றனர். கதை சொல்லும் பொறியாளன் டி-503 மட்டும் இனியதொரு நோவை உணர்கின்றான். பின்னர்க் கணித வாய்பாடுகளின்படி அமைந்த பொறியிசை ஒலிக்கக் கேட்டு ஆறுதல் அடைகின்றான். அந்நோவே அவன் வாழ்வைக் குலைக்கும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தோற்றுவாய்.

இக்காட்சியைப் பொறிக்கும் மனிதனுக்கும் இடையே நிகழும் போர் என்று மட்டும் கொள்வது போதாது. கைப்பிடியின் சூழ்ச்சி அதனினும் நுட்பமானது. பெல்லமியின் நகரில் மக்கள் கேட்போராயினர். சம்யாத்தினின் நாட்டிலோ ஒவ்வொருவனும் படைப்போன் ஆகலாம் என்று உறுதி கூறப்படுகின்றது. ஆயின் சுழற்றுபவன் யாவனாயினும் வருவது ஒரே முறைப்படி அமைந்த இசையே. சுழற்றியவனின் உவகையோ துயரோ அதில் பதிவதில்லை. உடைமை என்னும் தோற்றம் தரப்பட்டு, உடைமை பறிக்கப்பட்டது. மேடையில் வாசித்தவள் பிறர் இயற்றியதையே வாசித்தாள். எனினும் அது அவளுடையதாயிற்று. இயற்றியவர் யார் என்பதை விட, யாருடைய உயிர் அதில் ஈடுபட்டது என்பதே சம்யாத்தின் காட்டும் வேறுபாடு.

ஹக்ஸ்லியின் இடையறா இன்னிசை

ஆல்டஸ் ஹக்ஸ்லி நாவலாசிரியராகப் புகழ் பெறுங்காலத்தில், 1922, 1923ஆம் ஆண்டுகளில், வார இதழ் ஒன்றில் இசைத்திறனாய்வு எழுதியவர். 1932இல் வெளிவந்த 'வியத்தகு புத்துலகு' என்னும் அவர் நாவலில் இசை எங்கும் நிறைந்துள்ளது. நடனக்கூடமாக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் பதினாறு கலைஞர் ஊதுகின்றனர். பன்னிருவர் கூடும் ஒருமைப்பாட்டு வழிபாடு முழவொலியோடும் கூட்டுப்பாட்டோடும் தொடங்கிக் களியாட்டில் முடிகின்றது. இறப்போர் மருத்துவமனையில் செயற்கை இன்னிசை ஓயாது ஒலிக்கின்றது; கால்மணிக்கு ஒருமுறை நறுமணம் மாறுகின்றது. தாய் லிண்டா அங்கே இறக்கக் கண்டு மகன் ஜான் அழும்பொழுது, அவன் அழுகை அங்குள்ளோர்க்கு ஒழுங்கீனமாகத் தோன்றுகின்றது.

இந்நாவலை ஆராய்வோர், இழிந்த இசை இழிந்த மக்களை ஆக்கும் என்பதே ஹக்ஸ்லியின் கருத்து என முடித்துவிடுதல் உண்டு. அவ்வாறாயின் அவர் பிளேட்டோவின் மாணாக்கரே ஆவர். சாக்சஃபோன் மீது அவர்க்கிருந்த வெறுப்பு நூலில் வெளிப்படை. ஒரு கருவியின் மீதுள்ள வெறுப்பு ஆராய்ச்சிக்கு அளவுகோல் ஆகாது. அக்கருவியில் உயர்ந்த கலை பிறந்ததைப் பிற்கால வரலாறு காட்டிற்று. நாவலாசிரியர் ஹக்ஸ்லியோ இசைத்திறனாய்வாளர் ஹக்ஸ்லியைக் காட்டிலும் நேர்மை உடையவர். இரண்டு இடங்கள் இதற்குச் சான்று.

ஒன்று: நாகரிகம் புகாத ஒதுக்குநிலத்தில் முழவொலி கேட்ட லெனினா, அஃது ஒருமைப்பாட்டு வழிபாட்டை நினைவூட்டுவதாக உணர்ந்து மகிழ்கின்றாள். பழங்குடி முழவும் புத்துலக முழவும் ஒத்த ஆற்றல் உடையன என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. மற்றொன்று: உலகக் கட்டுப்பாட்டாளருடன் உரையாடும் ஜான், அந்நாகரிகத்தைத் தான் விரும்பவில்லை என்று கூறியபின்னும், காற்றில் நிறைந்த அவ்விசை மட்டும் இனிது என்று ஒப்புக்கொள்கின்றான். அந்நாட்டை முற்றும் வெறுத்தவனுக்கும் அந்நாட்டு இசை இனிக்கின்றது. ஆகவே கேடு இனிமையின்மையில் இல்லை, ஓயாமையில் உள்ளது. நிறுத்தும் உரிமை வெஸ்டுக்கு இருந்தது. லிண்டாவின் கட்டிலருகே அஃது எவர்க்கும் இல்லை. அமைதி இல்லாத இடத்தில் அழுகைக்கு இடம் இல்லை. அழுகைக்கு இடமில்லாத நாட்டில் தாய் என்னும் சொல்லுக்கும் பொருள் இல்லை.

ரே பிராட்பரியின் 1953ஆம் ஆண்டு நாவலான 'ஃபாரன்ஹீட் 451' இதனை ஒரே காட்சியில் சுருக்கித் தருகின்றது. நாயகன் மாண்டாக்கின் மனைவி மில்ட்ரெட் இரவு முழுதும் சிப்பி போன்ற சிறு வானொலிகளைக் காதில் செருகிப் படுத்திருக்கின்றாள். பத்தாண்டுப் பழக்கத்தால், பிறர் பேசுவதை உதட்டசைவைக் கொண்டே உணர்ந்துகொள்ளும் திறமை அவளுக்கு வந்துவிட்டது. பெல்லமி உறக்கம் வாராதவர்க்கென அன்போடு அமைத்த படுக்கையறை இசை, கணவன் குரலை மறைக்கும் திரையாயிற்று.

ஆர்வெலின் துணி உலர்த்தும் பெண்

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் 'நாம்' நாவலுக்கு மதிப்புரை எழுதினார். 1949இல் தம் '1984' நாவலை வெளியிட்டார். அதில் உண்மை அமைச்சகத்தின் இசைத்துறைப் பிரிவு ஒன்று, மனிதர் கைபடாமல் பொறியாலேயே பாட்டுகளை யாத்து உழைக்கும் மக்களுக்கென வெளியிடுகின்றது. இது சம்யாத்தினின் கைப்பிடியே. அப்பாட்டுகள் வெறும் குப்பை என்று ஆர்வெல் ஐயத்துக்கு இடமின்றி எழுதுகின்றார்.

வின்ஸ்டனும் ஜூலியாவும் மறைவாகச் சந்திக்கும் அறையின் கீழே, முற்றத்தில் ஒரு பெண் துணி உலர்த்துகின்றாள். வாயில் கவ்விய துணிக்கவ்விகளை எடுக்கும் இடைவெளிதோறும் அப்பொறிப்பாட்டில் ஒன்றைப் பாடுகின்றாள். அவள் குரலில் அக்குப்பையும் செவிக்கு இனிதாகிவிடுகின்றது. கேட்ட வின்ஸ்டனுக்கு ஓர் எண்ணம் எழுகின்றது: கட்சியினர் எவரும் தனியே, தாமாகப் பாடியதை அவன் என்றும் கேட்டதில்லை. பின்னர்க் கைதாவதற்குச் சற்று முன்னும் அதே பெண்ணின் பாட்டையே அவன் கேட்டு நிற்கின்றான்; பறவைகளும் உழைப்போரும் பாடுகின்றனர், கட்சி பாடுவதில்லை என்று எண்ணுகின்றான்.

இக்கட்டுரையின் கருத்துக்கு இதுவே நடுவிடம். சம்யாத்தினைப் போல் ஆர்வெலும் பொறியிசையைக் கண்டார். ஆயின் முடிவு வேறாயிற்று. பாட்டு பொறியுடையது, பாடுதல் பெண்ணுடையது. நெல்லரிகிணை நெல்லரிவார்க்கு உரியதானாற்போல, அப்பாட்டும் துணி உலர்த்துவாளின் தொழிலோடு கலந்து அம்முற்றத்தின் கருப்பொருள் ஆகிவிட்டது. பிளேட்டோ புறத்தே விட்டுவைத்த ஆயனின் குழலை இங்கு மீண்டும் கேட்கின்றோம்.

இதற்கு ஒரு தடை எழலாம். ஹக்ஸ்லியின் பன்னிருவரும் தாமே பாடினரன்றோ? ஆர்வெலின் நாட்டிலும் வெறுப்பு வாரத்துக்கென முழவடி போன்ற பாட்டு ஒன்று உண்டன்றோ? ஆம், பாடுதல் ஒன்றே உரிமைக்குச் சான்று ஆகாது. ஏவப்பட்ட வேளையில், ஏவப்பட்ட கூட்டத்தில், ஏவப்பட்ட உணர்ச்சிக்காகப் பாடுவோன் தன் வாயால் பிறர் குரலையே எழுப்புகின்றான். ஆர்வெல் 'தனியே', 'தாமாக' என்று இரண்டு அடைகளைச் சேர்த்தது இதனால்தான். எவரும் ஏவாதபோது தொடங்கவும், எல்லாரும் பாடும்போது வாளாவிருக்கவும் ஒருவனுக்கு இயலுமாயின், அவ்விடத்து இசை அவனுடையது.

நாவலின் முடிவில் இத்தன்மை தலைகீழாகின்றது. உணவகத்துத் தொலைத்திரையிலிருந்து வரும் ஏளனப் பாட்டு ஒன்று, முன்னர் ரூதர்ஃபோர்டு என்பானைக் கண்கலங்கச் செய்தது. இறுதியில் வின்ஸ்டனையும் கண்கலங்கச் செய்கின்றது. பாட்டு வெளியிலிருந்து வருகின்றது. கண்ணீர் மட்டுமே அவனுடையது.

பர்ஜெஸ் எழுப்பும் வினா

இதுகாறும் கண்ட நூல்கள் எல்லாவற்றிலும், நல்லிசை மனிதனை நல்லவன் ஆக்கும் என்னும் பிளேட்டோவின் நம்பிக்கை எங்கேனும் ஒளிந்து நிற்கின்றது. ஸ்கிரியாபின் கேட்டவன் விழிப்படைந்தான். துணி உலர்த்துவாளின் பாட்டைக் கேட்டவன் நம்பிக்கை கொண்டான். அந்தோணி பர்ஜெஸ் 1962இல் எழுதிய 'எந்திர ஆரஞ்சு' இந்நம்பிக்கையை உடைக்கின்றது. பர்ஜெஸ் தாமே இசை இயற்றியவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. இசையை அறியாதவர் கூறும் குறையன்று இது.

பதினைந்து வயது அலெக்ஸ் கொடுமைகள் பல புரிபவன். அவன் மொசார்ட்டையும் பாக்கையும் பேத்தோவனையும் உயிரினும் மேலாக நேசிக்கின்றான். அவ்விசையைக் கேட்டுக்கொண்டே வன்செயல்களைக் கனவு காண்கின்றான். கலையுணர்வை வளர்த்தால் இளைஞர் திருந்துவர் என்று செய்தித்தாளில் படித்ததை நினைந்து நகைக்கின்றான். அரசு அவனைப் பிடித்து, கொடுமைக் காட்சிகளைக் காட்டி, மருந்தால் குமட்டல் விளைத்து, வன்மையை எண்ணினாலே நோயுறுமாறு பழக்குகின்றது. அக்காட்சிகளுக்குப் பின்னணியாகப் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஒலிக்க, அது பாவம் என்று அவன் கதறுகின்றான். மருத்துவர் பிராட்ஸ்கியோ, இசையைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது, உணர்ச்சியை மிகுவிக்க அது பயன்படும் என்பது மட்டுமே தெரியும் என்கிறார். சிகிச்சை முடிந்தபோது கொடுமையோடு இசையும் அவனுக்கு நஞ்சாகிவிடுகின்றது.

ஈண்டு நிலைமை மிகக் கடினமானது. அலெக்ஸின் இசை அவனைத் திருத்தவில்லை. ஆதலின் அதனைக் காப்பதற்கு 'பயன்' என்னும் வாதம் உதவாது. எனினும் அவன் கதறலைப் படிப்போர் அனைவரும், பறிக்கப்படலாகாத ஒன்று பறிக்கப்பட்டதை உணர்கின்றனர். அஃது யாது? அவன் தானே தேர்ந்து, தனியே கேட்டு, தனதாக்கிக்கொண்ட ஒன்று. ஆர்வெலின் பெண்ணிடத்துப் பாடும் வாய்க்கு இருந்த உரிமை, அலெக்ஸிடத்துக் கேட்கும் செவிக்கு உரியதாகின்றது. இசையின் நற்பயனை நம்பி அதனைக் காப்பது எளிது. நற்பயன் இல்லாதவிடத்தும் அவ்வுரிமையைக் காக்க வேண்டும் என்பதே பர்ஜெஸ் நம்முன் வைக்கும் சுமை.

அவர் அதனோடு நிறுத்தவில்லை. இருபத்தோராம் இயலில் பதினெட்டு வயதை எட்டிய அலெக்ஸ், பேரிசைக்குழுவின் முழக்கத்தை விட்டு, ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டுமுள்ள மென்பாடல்களை நாடுகின்றான். வீடும் மனைவியும் குழந்தையும் அவன் நினைவில் எழுகின்றன. மாற்றம் எவரும் புகுத்தாமல், காலத்தால் அவனுள்ளேயே நிகழ்ந்தது. அமெரிக்கப் பதிப்பு நெடுங்காலம் இவ்வியலை விடுத்தே வெளிவந்தது. 1971இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த திரைப்படத்திலும் இஃது இல்லை. அதனால், திருந்தா மனிதனின் வெற்றிக்களிப்போடு கதை முடிவதாகப் பலர் கருதினர். இசையின் வரலாறு கொண்டு நோக்கின் இவ்வியலே நூலின் முடிபொருள் என்பது விளங்கும். பெருமுழக்கத்திலிருந்து தனிக்குரலுக்கு அவன் தானே நடந்து வந்தான்.

முடிவுரை

மேற்கண்ட ஆராய்ச்சியால் அறியப்படுவன வருமாறு. இசை நல்லதா தீயதா என்னும் வினா பொன்னாட்டையும் கொடுநாட்டையும் பிரிப்பதில்லை. இனிய இசை நிறைந்த கொடுநாடுகள் உள. பொறி செய்ததா மனிதன் செய்ததா என்னும் வினாவும் பிரிப்பதில்லை. பொறிப்பாட்டும் ஒரு பெண்ணின் வாயில் உயிர் பெற்றது. பண்பை வளர்க்குமா என்னும் வினாவும் பிரிப்பதில்லை. உயர்ந்த இசையைக் கேட்டவனும் கொடியவனாக இருந்தான். தொடங்கவும் நிறுத்தவும், தேரவும் துறக்கவும் தனி ஒருவனுக்கு உள்ள உரிமையே இறுதியில் நிற்கும் அளவுகோல். இசை கருப்பொருளா, வழங்குபொருளா என்று நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவின் விடையும் இதுவே.

இந்நூல்கள் கூறிய பல இன்று கற்பனையல்ல. பெல்லமியின் இசையறை சட்டைப்பையில் அடங்கும் கருவியாக நம்மிடம் உள்ளது. பிராட்பரியின் காதுச்சிப்பியை ஒவ்வொரு பேருந்திலும் காண்கின்றோம். கேட்ட மாத்திரத்தில் பாட்டு யாத்து மெட்டமைத்துத் தரும் பொறிகளும் வந்துவிட்டன. இவற்றைக் கண்டு கொடுநாடு வந்துற்றது என்று அலறுதலும், பொன்னாடு பிறந்தது என்று களித்தலும் ஒருங்கே பொருந்தா. இந்நூல்களை முறையாகக் கற்றவர் கேட்க வேண்டிய வினா எளியது. நிறைவான இசை இத்துணை எளிதில் கிடைக்கும்போது, ஈடித்தைப் போல நாம் வாய் மூடிக்கொள்கின்றோமா, துணி உலர்த்தும் பெண்ணைப் போல வேலைக்கிடையே பாடுகின்றோமா? இவ்வினாவுக்கு விடை கூற வேண்டுவோர் பொறி செய்வோரும் அரசு நடத்துவோரும் மட்டும் அல்லர். முற்றத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் ஆவர்.